வாப்பாவின் தேத்தண்ணியும் இனிப்புக் குளிசையும்

கேள்வி: எங்கள் வாப்பாவுக்கு வயது 66, நிறை 60 கிலோ. 12 வருடமாகச் சீனி வருத்தம், இரண்டு விதமான குளிசை எடுக்கிறார். ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி இல்லாமல் அவருக்கு முடியாது. கட்டாரில் இருக்கும் தம்பி மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெட்டி இனிப்புக் குளிசை அனுப்பினான். அஸ்பார்டேம், ஒரு குளிசைக்கு 18 மில்லிகிராம் என்று லேபிளில் இருக்கிறது. தேத்தண்ணிக்கு இரண்டு வீதம் போடுகிறார். பக்கத்து வீட்டு மாமா, "அது கேன்சர் கொண்டுவரும், பனங்கட்டியோ தேனோ கொடு" என்கிறார். வட்ஸ்அப்பிலும் அப்படித்தான் வருகிறது. இவ்வளவும் செய்தும் கிளினிக்கில் மூன்று மாதச் சீனி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) குறையவில்லை. பெருநாளைக்கு அந்தக் குளிசையைக் கரைத்து அவருக்கென்று தனியாக வட்டிலப்பம் அவித்தேன். இனிப்பே இல்லை, ரப்பர் மாதிரி வந்தது. போன மாதம் ஒருநாள் சுபஹ் நேரம் வாப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சூடாகத் தேத்தண்ணி ஊற்றி இரண்டு குளிசை போட்டுக் கொடுத்தேன். சரிவரவில்லை. ஒரு பணிஸ் சாப்பிட்ட பிறகுதான் தெளிந்தார். 9 வயது மகனும் இப்போது சீனியில்லாத சோடா கேட்கிறான். என்ன செய்யலாம்?
– அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகள்

தங்கச்சி, நீங்கள் கேன்சரை முன்னால் எழுதி, சுபஹ் நேரத்து நடுக்கத்தைப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த நடுக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது அது ஒன்றுதான்.

சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு விடியப்புறம் வியர்த்து, கை நடுங்கினால், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி வருவது குறைவு. ஆனால் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்றவை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசைகள். இரவுச் சாப்பாடு குறைந்தாலும் பிந்தினாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ். அஸ்பார்டேம் நாக்குக்கு இனிப்பு என்று சொல்லும், இரத்தத்துக்கு ஒன்றும் கொடுக்காது. நீங்கள் பதறிப்போய்ச் செய்த தேத்தண்ணி, அந்த அளவில் வெறும் சுடுதண்ணி. பணிஸ் சாப்பிட்டதும் தெளிந்தார் என்கிறீர்களே, அதிலிருந்த மாவும் சீனியும் கரைந்து இரத்தத்தில் ஏறிய பிறகு தெளிந்தார். அதுவரை போன நிமிடங்கள் வீணான நிமிடங்கள்.

இனி அப்படி வந்தால், மட்டமாக எடுத்த நாலு தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏறக்குறைய 15 கிராம். சாதாரண சோடா அரை கிளாஸும் உதவும், சீனியில்லாத சோடா உதவாது. 15 நிமிடம் கழித்து சீனி பார்க்கும் மீட்டரில் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே நின்றால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ பாணோ கொஞ்சம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இனிப்புக் குளிசை வந்துவிட்டது என்பதற்காக வீட்டில் சீனிப் போத்தலை ஒழித்துக் கட்டிவிடாதீர்கள். அது இப்போது மருந்து. போன மாதம் நடந்ததை நேரம், அன்றிரவு என்ன சாப்பிட்டார் என்பது உட்பட எழுதிக்கொண்டு போய் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாதச் சீனி கூடியிருக்கிறது என்று பார்த்து அவர் குளிசையைக் கூட்டிவிட்டால், இந்த இறக்கம் இன்னும் மோசமாகும். சராசரி கூடியிருக்கும்போதே இடையில் இப்படி விழுவதும் நடக்கும். நோன்பு வருமுன்னும் அவரைக் காட்டி, குளிசை எடுக்கும் நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். நோன்போடு இருக்கும்போது சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட வேண்டும் என்பதை வாப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் கேட்க மாட்டார்.

சரி, இனி கேன்சர்.

வட்ஸ்அப்பில் வருவது முழுப் பொய் இல்லை, பாதிக் கதை. 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், அஸ்பார்டேமை "மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் போட்டது. அதே நாளில், அதே உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கைகள் நிபுணர் குழு, பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்பதுதான் அந்த அளவு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பது போல் இருக்கிறது, ஆனால் மறுக்கவில்லை. யானை ஆளை அடிக்குமா என்று அம்பாறைப் பக்கத்து வயல்காரர் யாரைக் கேட்டாலும் அடிக்கும் என்பார். இன்றிரவு உங்கள் வளவுக்குள் யானை வருமா என்பது வேறு கேள்வி. முதல் குழு முதல் கேள்விக்குப் பதில் சொன்னது, இரண்டாவது குழு இரண்டாவதுக்கு. முதல் குழுவும் தன் கையிலிருந்த சான்று மட்டுப்பட்டது என்று சொல்லித்தான் 2பியில் போட்டது. கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய நாடுகளில் பாரம்பரியமாக ஊறுகாய் போடும் மரக்கறியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன.

வாப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு தேத்தண்ணிக்கு 12 குளிசை, 18 மில்லிகிராம் வீதம் 216 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாள் எல்லை 2400. அதைத் தொட அவர் 133க்கு மேல் குளிசை போட வேண்டும். அந்த எல்லையும் விளிம்பில் வைத்த எல்லை அல்ல. விலங்குகளுக்கு எந்த அளவு வரை கொடுத்தும் கெடுதல் தெரியவில்லையோ, அந்த அளவை 100ஆல் பிரித்து வைத்தது. ஆகவே இந்தக் குளிசைக்காக நீங்கள் இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

மாமாவைப் பற்றி ஒன்று. அவர் வெற்றிலை போடுகிறவரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்களில் வட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாக்கை வாயில் அதக்கியபடி இந்தக் குளிசை கேன்சர் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகவரகம் பாக்கையும், புகையிலை சேர்த்த வெற்றிலையையும், சேர்க்காத வெற்றிலையையும் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. முதலாம் பிரிவு என்றால் சந்தேகமில்லாமல் புற்றுநோய் உண்டாக்குபவை. மாமா போடுகிறவராக இருந்தால், அடுத்த முறை கேன்சர் கதை எடுக்கும்போது மரியாதையாக இதையும் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பயம் அஸ்பார்டேமோடு தொடங்கியதும் அல்ல. 1970களில் சாக்கரின் என்ற பழைய இனிப்பூட்டியைக் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1977இல் கனடா அதை உணவில் போடுவதைத் தடுத்தது, அமெரிக்கா எச்சரிக்கை வாசகம் அச்சிட வைத்தது. பின்னால் பார்த்தபோது, எலியின் சிறுநீரில் மட்டும் நடக்கும் ஒரு படிவு பையின் சுவரை உரசியதால் வந்த கட்டி அது என்று தெரிந்தது. 2000இல் அமெரிக்கா அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. சைக்லமேட் என்ற இன்னோர் இனிப்பூட்டியின் கதை வேறு. அமெரிக்காவில் 1970இலிருந்து இன்றுவரை உணவில் தடை, வேறு பல நாடுகளில் அளவோடு அனுமதி. அதனால்தான் "வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள்" என்ற வாசகம் ஒருபோதும் சாவதில்லை. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கும்.

மெதனோல் என்ற நச்சுச் சாராயம் பற்றியும் வட்ஸ்அப்பில் வந்திருக்கும். அஸ்பார்டேம் குடலில் உடையும்போது இரண்டு அமினோ அமிலங்களும், நிறையில் பத்தில் ஒரு பங்கு மெதனோலும் வருவது உண்மை. வாப்பாவின் 12 குளிசையில் 22 மில்லிகிராம் அளவு. தக்காளிச் சாறு குடித்தாலும் மெதனோல் வரும். அது தக்காளியோடு வருவதால் யாரும் செய்தி அனுப்புவதில்லை. உண்மையாகவே அஸ்பார்டேமைத் தொடக்கூடாதவர்கள் பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களுக்கு அந்த அமினோ அமிலங்களில் ஒன்றான பீனைல்அலனீனைக் கையாள முடியாது. லேபிளில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும், அது அவர்களுக்கானது.

அப்படியென்றால் கேள்வியே மிச்சமில்லையா? இருக்கிறது. 2022இல் இஸ்ரேலில் சுகதேகிகள் 120 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் சாக்கரினோ, சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியோ எடுத்தவர்களில் சிலருக்குக் குடல் நுண்ணுயிர்களும் சீனியைக் கையாளும் விதமும் மாறின. 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, உடல் நிறையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. நீண்ட காலத்தில் நிறை குறைவதாகத் தெரியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே வாப்பா நிறுத்தத் தேவையில்லை. நல்ல சாமான் என்று நினைத்துக் கூட்டவும் தேவையில்லை.

இனி என் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்வி. இனிப்புக் குளிசைக்கு மாறியும் இரத்தத்தில் சீனி ஏன் இறங்கவில்லை?

முன்பு அவர் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி போட்டிருப்பார். மட்டக் கரண்டி என்றாலே 4 கிராம், நாளைக்கு 48 கிராம். அதை நிறுத்தியது பெரிய காரியம். ஆனால் ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. அதாவது ஆறு தேத்தண்ணியின் சீனி முழுவதும் ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். "சீனிதான் விட்டாச்சே" என்று மத்தியானம் ஓர் அகப்பை கூடப் போட்டால் கணக்கு நேராகிவிடும். சோறு நாக்குக்கு இனிக்காததால் யாரும் அதைச் சீனிக் கணக்கில் எழுதுவதில்லை. நெல் விளைகிற ஊரில் சோற்றைக் குறை என்று சொல்கிறவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 20 வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, அந்த ஆறில் எத்தனை தேத்தண்ணி வீட்டில் குடிக்கிறார்? பள்ளிக்குப் போய்வரும் வழியில் கடையில் குடித்தால், அங்கே டின்பால் ஊற்றுவார்கள். டின்பாலில் பாதிக்கு மேல் சீனிச்சத்து. சட்டைப்பையிலிருந்து குளிசையை எடுத்து டின்பால் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கும் பெரியவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தேத்தண்ணியோடு வரும் பிஸ்கற் இன்னொன்று. "சுகர் ஃப்ரீ" என்று எழுதியிருந்தாலும் அது கோதுமை மாவில் செய்தது. இனிப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது, மா அப்படியே இருக்கிறது. குளிசைக்குப் பதிலாகச் சின்னப் பைக்கற்றில் வரும் தூளை வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற நிரப்பி, இரண்டும் குளுக்கோஸ் வகை. ஒரு பைக்கற்றில் ஒரு கிராமுக்குள் இருப்பதால் பயமில்லை, ஆனால் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடும் தூள் என்றால் எண்ண வேண்டும்.

மூன்று நாள், வாப்பா வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைத் தேத்தண்ணி, ரொட்டித் துண்டு, பேரப்பிள்ளை மிச்சம் வைத்த வாழைப்பழம் எல்லாம். ஒளித்துச் சாப்பிடுகிறாரா என்று உளவு பார்க்கச் சொல்லவில்லை, அவரையே எழுதச் சொல்லுங்கள். கிளினிக்கில் அந்தக் கொப்பி குளிசைப் பெட்டியை விட அதிகம் உதவும்.

பனங்கட்டியும் தேனும். பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியே. நிறமும் மணமும் கொஞ்சம் கனிமங்களும் கூட இருக்கின்றன, அவ்வளவுதான். பிளேன்ரீக்குப் பனங்கட்டி கடித்துக் குடிப்பதில் ஒரு நன்மை உண்டு. கடிக்கும்போது எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், கரைத்துக் குடிப்பதை விடக் குறைவாகப் போகும். அந்த நன்மை கடிப்பதில் இருக்கிறது, பனையில் இல்லை. தேனிலும் ஐந்தில் நாலு பங்கு சீனிச்சத்து, கித்துள் பாணியும் அதே குடும்பம். மீன்பாடும் தேனாடு என்று பேரெடுத்த மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இனிப்புக்காக அதிமதுரம் போட்டுக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் இருந்தால், பிரஷர் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டி, உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

வட்டிலப்பத்துக்கு வருவோம், அதில் உங்கள் கைப்பிழை ஒன்றுமில்லை. அஸ்பார்டேம் சூட்டுக்கு நிற்காது. கொஞ்சம் புளிப்பான பானத்தில் பல மாதம் தாக்குப்பிடிக்கும். புளிப்பில்லாத தேங்காய்ப்பாலில், ஆவியில் வைத்தால் நிமிடக் கணக்கில் உடைந்து இனிப்பை இழந்துவிடும். நீங்கள் மூடியைத் திறக்கும்போது சட்டியில் இருந்தது முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும்தான். ரப்பரானதற்குக் காரணம் முட்டை. சீனி கலந்திருந்தால் முட்டை இறுகுவதற்கு இன்னும் கூடச் சூடு வேண்டும், அதனால் மெதுவாக, மெத்தென்று இறுகும். அது இல்லாமல் போனதும் அவசரமாக இறுகிவிட்டது. தொதலில் இந்தச் சோதனையே செய்து பார்க்காதீர்கள். அங்கே பாகுதான் உடம்பு, குளிசை அந்த உடம்பைக் கொடுக்காது.

சூட்டுக்கு நிற்கும் இனிப்பூட்டிகள் சுக்ரலோஸ், அசசல்பேம் பொட்டாசியம், சாக்கரின், சீனித்துளசிச் (ஸ்டீவியா) சத்து ஆகியவை. சாக்கரின் கூடினால் நாக்கில் கைப்பும் உலோகச் சுவையும் தட்டும். சீனித்துளசியின் பின்சுவை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வட்டிலப்பத்துக்கு நான் சுக்ரலோஸைச் சொல்வேன். ஆவி 100 பாகைக்கு மேல் போவதில்லை, ஆகவே பயமில்லை. ஆனால் 120 பாகைக்கு மேல் சூடாக்கினால் வேண்டாத குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. எனவே பேக்கிங்குக்கும் பொரியலுக்கும் அது வேண்டாம். இந்த சுக்ரலோஸ் பிறந்த கதை எனக்குப் பிடித்தது. 1976இல் லண்டனில் ஒரு கல்லூரிக் கூடத்தில், பேராசிரியர் லெஸ்லி ஹஃப் ஒரு குளோரின் சேர்மத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். இந்தியாவிலிருந்து போயிருந்த சஷிகாந்த் பட்னிஸ் அதைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாக விளங்கிக்கொண்டார். சுவைத்தும் பார்த்துவிட்டார். மற்றவையும் இப்படித்தான். 1879இல் சாக்கரின், கை சரியாகக் கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஃபால்பர்க்கின் விரலில் இருந்தது. 1937இல் சைக்லமேட் ஒரு மாணவர் மேசையில் வைத்த சிகரெட்டில் ஒட்டியது. 1965இல் அஸ்பார்டேம், காகிதம் எடுக்க விரலை நக்கிய ஷ்லாட்டரின் நாக்கில். இதைப் படித்துவிட்டு உங்கள் மகன் கை கழுவாமல் சாப்பிட வந்தால் பொறுப்பு நான் அல்ல.

ஆனால் உண்மையைச் சொன்னால், பெருநாளைக்கு வாப்பாவுக்குப் போலி வட்டிலப்பம் வேண்டாம் என்பேன். வீட்டார் எல்லாரும் சாப்பிடும் அசல் வட்டிலப்பத்தில் இரண்டு மேசைக்கரண்டி அவருக்கும் கொடுங்கள். அன்று மத்தியானம் சோறு அல்லது பிரியாணி அந்த அளவுக்குக் குறையட்டும். வருடத்தில் இரண்டு பெருநாள். தனிச் சட்டியில் இருந்து ரப்பர் சாப்பிடுகிற மனுஷன், இரவில் குசினிக்குப் போய் மற்றச் சட்டியைத் திறப்பார்.

மகனின் சோடாவுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 9 வயதுப் பிள்ளைக்குச் சீனிச் சோடாவும் தேவையில்லை, சீனியில்லாத சோடாவும் தேவையில்லை. இரண்டிலும் இருக்கும் அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். போத்தலில் பச்சை வட்டம் போட்டிருந்தால் சீனி குறைவு என்றுதான் அர்த்தம், இனிப்பூட்டி இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளடக்கப் பட்டியலில் 950 அசசல்பேம், 951 அஸ்பார்டேம், 952 சைக்லமேட், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசிச் சத்து. சாதாரணம் என்று நினைக்கிற சில பானங்களிலும் சீனியோடு சேர்த்து இந்த எண்கள் இருக்கும், வாசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் விற்கும் லேபிளில்லாத கலர் ஐஸ்பைக்கற்றை வாசிக்கவே வழியில்லை. அப்படி விற்பதைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லலாம். சீனியில்லாத ரொபி என்றால் சோர்பிட்டோலோ சைலிட்டோலோ இருக்கும், ஒரு கை நிறையத் தின்றால் வயிற்றால் போகும். வீட்டில் தண்ணீர், இளநீர், சீனி குறைத்த தேசிக்காய்த் தண்ணீர் போதும்.

வாப்பாவின் தேத்தண்ணியில் இரண்டு குளிசையை இந்த மாதம் ஒன்றாக்குங்கள், அடுத்த மாதம் பாதியாக்குங்கள். இஞ்சி தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது உறைக்காது. நாக்கு சில வாரத்தில் பழகிவிடும், பழகிய பிறகு கடைத் தேத்தண்ணி அவருக்கே திகட்டும். பெட்டியில் மிஞ்சியதைப் பழைய மருந்துப் போத்தலில் கொட்டி வைக்காதீர்கள். கண் மங்கிய ஆள், கிளினிக் குளிசை என்று இதையும், இது என்று அதையும் எடுத்துவிடுவார்.

தம்பி அடுத்த பார்சல் அனுப்புவதாக இருந்தால், இனிப்புக் குளிசைக்குப் பதிலாக மீட்டருக்கு ஸ்ட்ரிப் அனுப்பச் சொல்லுங்கள்.